சிரசுத் திருவிழாவுக்கு முன்னாடி வந்த சளி

"எத்தனை நாளா இருக்கும்மா?"

காது மூக்கு தொண்டை டாக்டர் என் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அம்மா யோசிக்கவே இல்லை. "சிரசு திருவிழாவுக்கு மின்னாடி இருந்தே கீதும்மா" என்றாள். டாக்டர் தெற்குப் பக்கத்துக்காரர் போல. புரியாமல் என்னைப் பார்த்தார். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு வைகாசி முதல் தேதி வரும், அதாவது மே மாதம் நடுவில் என்று நான் விளக்கினேன். அன்றைக்கு செப்டம்பர் முதல் வாரம். மேசைக் காலண்டரை மே மாதம் வரை திருப்பி, விரல் வைத்து ஒவ்வொரு வாரமாக எண்ணிக்கொண்டு வந்தார். "பதினாறு வாரம்" என்று சொல்லிவிட்டு அதைத்தான் சீட்டில் முதல் வரியாக எழுதினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பதினாறு வாரத்தில் அம்மா நாலு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாள். இரண்டு முறை நேராக மருந்துக்கடையில், இரண்டு முறை ஊரிலேயே ஒரு கிளினிக்கில். போன உடனே, "சைனஸ்தான், மாத்திரை எழுதறேன்." மூன்று நாள், ஐந்து நாள், மறுபடி மூன்று நாள். சாப்பிடும்போது கொஞ்சம் குறையும். அட்டை காலியான வாரமே திரும்ப வரும். ஒரு முறைகூட யாரும் அவள் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. எத்தனை நாள் என்று எண்ணவும் இல்லை. கூடவே போய்க்கொண்டிருந்த நானும் எண்ணவில்லை. இதை எழுத அதுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் சைனஸ் என்பது ஒரு நோயின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. "எனக்கு சைனஸ் கீது" என்பார்கள். சைனஸ் எல்லோருக்கும்தான் இருக்கிறது. அது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, புருவத்துக்கு மேலே நெற்றியில், இரண்டு கண்ணுக்கும் நடுவே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளாக, பின்னால் மண்டைக்கு நடுவில் ஆழத்தில் என்று நாலு ஜோடி. என் பாட்டி காலத்தில் இதையெல்லாம் பீனிசம் என்றும் நீர்க்கோவை என்றும் சொன்னார்கள். சுக்கு உரசிப் பத்து போடுவார்கள், மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டுப் புகை பிடிப்பார்கள், நொச்சி போட்டு ஆவி பிடிப்பார்கள். இப்போது பெயர் மாறியிருக்கிறது. தலை கனத்தாலும் சைனஸ், தும்மல் வந்தாலும் சைனஸ், வெயிலில் போய் வந்து மண்டை இடித்தாலும் சைனஸ்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் பக்கத்து மேசை அக்கா பத்து வருஷமாக "சைனஸ் தலைவலி" என்று தைலம் தடவிக்கொண்டிருந்தார். மூக்கில் சளி கிடையாது. ஆனால் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி வரும். கடைசியில் அது ஒற்றைத் தலைவலி என்று தெரிந்து, அதற்கான மருந்து கொடுத்த பிறகு மனுஷி முகமே தெளிந்துவிட்டது. இதில் அவர் தனி இல்லை. 2004-ல் அமெரிக்காவில், சைனஸ் தலைவலி என்று தாங்களே சொன்ன அல்லது டாக்டர் அப்படிச் சொல்லியிருந்த 2991 பேரைக் கேட்டு ஆராய்ந்தபோது, 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகைதான் என்று வந்தது.

அம்மா கதைக்கு வருகிறேன். அவள் முப்பது வருஷம் பீடி சுற்றினவள். முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தூள் வாசனைதான். அதனால் அவளுக்கு மூக்கில் எது வந்தாலும் "பீடித் தூளு ஏறி ஏறி வந்தது" என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான் நினைத்தோம். வலது கன்னத்தில் ஒரு கனம். வலது மூக்கில் மட்டும் மஞ்சளாகச் சளி. தொண்டைக்குள் பின்பக்கமாக ஏதோ இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று நாள் முழுக்கக் காறுவாள்.

இதெல்லாவற்றையும் விட அவளைப் படுத்தியது ஒரு நாற்றம். செத்த எலி மாதிரி, அழுகின முட்டை மாதிரி என்பாள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சோற்றுப் பானையை மூன்று முறை தேய்ப்பாள். தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வேறு தண்ணீர் பிடிப்பாள். கருவாட்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிறவள், கருவாட்டை வீட்டுக்குள் விடக்கூடாது என்றாள். அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சித்தியோடு சண்டை. அவர்கள் வீட்டு ஓரமாகப் போகிற கால்வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள், அதிலிருந்துதான் நாற்றம் வருகிறது என்று தெருவில் நின்று கத்திவிட்டாள். இருபது வருஷப் பழக்கம். அந்தச் சித்தி அழுதுகொண்டே ஆள் வைத்துக் கால்வாயைத் தூர் வாரினார். நாற்றம் போகவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு நாள் லீவு போட்டு அவளை வேலூருக்குக் கூட்டிப் போனேன். ஜார்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி, லாட்ஜ் எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கிற ஊர். ஒரு மணி நேர பஸ்ஸில் இருக்கிற நாங்கள் நாலு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

நாள் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சாதாரண சளி பிடித்தாலே மூக்குச் சவ்வோடு சேர்ந்து இந்த அறைகளின் சவ்வும் வீங்கத்தான் செய்யும். பெரும்பாலும் வைரஸ். ஒரு வாரம், பத்து நாளில் தானாகத் தணியும். பெரியவர்களுக்கு வருகிற சளியில் நூற்றுக்கு இரண்டு கூட பாக்டீரியா தொற்றாக மாறுவதில்லை. மாறியிருக்கிறதா என்பதை மூன்று விதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். பத்து நாள் ஆகியும் துளிகூடக் குறையாமல் இருப்பது ஒன்று. ஐந்தாறு நாளில் நல்லாகிக்கொண்டு வந்து திடீரென்று மறுபடி காய்ச்சலும் தலைவலியுமாகத் திரும்புவது இன்னொன்று. மூன்றாவது, ஆரம்பமே 102 டிகிரி காய்ச்சல், கெட்டிச் சளி, முகத்தில் வலி என்று மூன்று நாலு நாள் தொடர்ந்து படுத்துவது. நாலு வாரத்துக்குள் இருந்தால் திடீர்த் தொற்று. பன்னிரண்டு வாரம் தாண்டினால் நாள்பட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நாள்பட்டதற்குள் ஒவ்வாமை இருக்கலாம், மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கலாம், பூஞ்சை இருக்கலாம். மாத்திரை மேல் மாத்திரை கொடுப்பதை விட்டுவிட்டு, ஏன் ஆறவில்லை என்று தேட வேண்டிய கட்டம் அது.

சளி மஞ்சளாக, பச்சையாக இருந்தால் கிருமி பிடித்துவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். எதிர்த்துப் போராட வருகிற வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதிக்கு இயல்பிலேயே பச்சை நிறம். வைரஸ் சளியிலும் நாலைந்து நாளில் அந்த நிறம் வந்துவிடும். நிறத்தை வைத்து மருந்து முடிவு செய்ய முடியாது.

இந்தப் பாடம் எனக்கு அடுத்த மாதமே உதவியது. நாலாவது படிக்கிற என் பையனுக்கு எட்டாவது நாளாகச் சளி, பச்சை நிறம். முதல் இரண்டு நாள் இருந்த காய்ச்சல் போய்விட்டது. பையன் தெருவில் ஓடியாடிக்கொண்டிருந்தான். மருந்துக்கடையில் போய் "அந்த மூணு நாள் மாத்திரை குடுங்க" என்று கேட்கப் போன என் கணவரை நிறுத்தினேன். டாக்டரிடம் காட்டினோம். "குறைஞ்சுகிட்டுதான் வருது, இன்னும் ரெண்டு மூணு நாள் பாருங்க, திரும்பக் காய்ச்சல் வந்தா உடனே வாங்க" என்று உப்புத்தண்ணீர் சொட்டு மருந்து மட்டும் எழுதினார். பதினோராம் நாள் ஒன்றும் இல்லை. ஆன்டிபயாடிக் அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அம்மாவின் பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது. அவற்றில் இரண்டை நானே சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வேலூரில் அன்றைக்கு நடந்ததற்குத் திரும்புகிறேன். டாக்டர் அம்மாவை அவர் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார வைத்து, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டார். மூக்கைத் தொடவே இல்லை. முதலில் நாக்கை அழுத்துகிற எவர்சில்வர் தகடு ஒன்றை எடுத்து அம்மாவின் மூக்குக்குக் கீழே பிடித்து, "சாதாரணமா மூச்சு விடுங்கம்மா" என்றார். தகட்டில் இரண்டு ஆவித் திட்டு விழுந்தது. இடப்பக்கம் எலுமிச்சம்பழ அளவு. வலப்பக்கம் மல்லி விதை அளவுதான். இரண்டு நொடியில் இரண்டும் மறைந்தன. நாலு மாதம் நாங்கள் யூகித்துக்கொண்டிருந்த விஷயத்தை அந்தத் தகடு ஒரு மூச்சில் காட்டிவிட்டது. நோய் ஒரு பக்கம் மட்டும்தான்.

அப்புறம் கன்னத்து எலும்பை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். புருவத்தின் உள்ளோரத்தில் கீழிருந்து மேலாக அழுத்தினார். வலது கன்னத்தில் அம்மா முகம் சுளித்தாள். பஞ்சால் இரண்டு கன்னத்தையும் தொட்டு "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியுதா?" என்று கேட்டார். கண்ணை மேலே கீழே உருட்டச் சொன்னார். எழுத்து இரண்டாகத் தெரிகிறதா என்றார். வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தில் டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தார். "சுகர் எவ்வளவு? மூணு மாச சுகர் எடுத்தீங்களா?"

சர்க்கரையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, வயிற்றைக் கலக்கியது. 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் கருப்புப் பூஞ்சை வந்தபோது மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் ஆக்கியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். அந்தப் பூஞ்சை மூக்கிலிருந்து சைனஸுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் நாட்கணக்கில் ஏறிவிடும். கன்னம் மரத்துப்போவது, அண்ணத்தில் கருத்த திட்டு, கண் வீங்குவது, பார்வை இரண்டாவது எல்லாம் அதன் அடையாளம். டாக்டர் ஒவ்வொன்றாக அதைத்தான் இல்லை என்று உறுதிசெய்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரையும் பரவாயில்லை. சர்க்கரை இருக்கிற அப்பா, அம்மா வீட்டில் இருந்தால் இந்த அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சளியோடு கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, நெற்றியில் மெத்தென்று புடைத்தாலோ, கழுத்தைக் குனிய முடியாமல் தலைவலியும் காய்ச்சலும் இருந்தாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி.

அடுத்தது எண்டோஸ்கோப்பி. அம்மா அந்தப் பெயரைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றுக்குள் குழாய் விடுவார்களே, அந்த மாதிரி என்று நினைத்துவிட்டாள். நர்ஸ் ஒருவர் மரத்துப்போகிற மருந்தும் மூக்கு வீக்கத்தைக் குறைக்கிற மருந்தும் சேர்த்து நனைத்த பஞ்சுத் திரியை மூக்கில் வைத்துப் பத்து நிமிடம் உட்காரச் சொன்னார். "தொண்டை மரத்த மாதிரி இருக்கும், எச்சில் முழுங்க முடியாத மாதிரி தோணும், பயப்படாதீங்கம்மா, முழுங்கலாம்" என்று முன்கூட்டியே சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கருவி பேனா ரீஃபிலை விடக் கொஞ்சம் தடிமன், நாலு மில்லிமீட்டர். அதன் முனை உள்ளே போனதும் டி.வி. திரையில் இளஞ்சிவப்பாக ஒரு குகை. கீழே உருண்டு நீண்ட ஒரு சதை, அதற்கு மேலே இன்னொரு மடிப்பு. அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "எம் மூக்குக்குள்ள இம்மாந்தூரம் எடம் கீதா?" என்றாள். அவள் பயம் அதோடு போயிற்று. டாக்டர் நடு மடிப்பைக் காட்டி, "இதுக்கு அடியிலதாம்மா கன்னத்து அறை, நெத்தி அறை எல்லாத்துக்கும் வாசல்" என்றார். அந்த மடிப்புக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு, மெழுகு வழிந்த மாதிரி, பின்பக்கத் தொண்டையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் காறினாளே, அதுதான் இது.

கன்னத்து அறையைப் பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்காது. அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. தொட்டிக்குக் குழாயை அடியில் வைக்காமல் விளிம்போரத்தில் வைத்த மாதிரி. அப்படியானால் சளி எப்படி வெளியேறும்? அறையின் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. அவை நிற்காமல் ஒரே திசையில் அசைந்து அசைந்து சளியை மேலே தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வீக்கத்தால் வாசல் அடைந்தாலோ, அந்த இழைகள் சோர்ந்தாலோ சளி உள்ளேயே தேங்கும். தேங்கின இடத்தில் கிருமி வளரும்.

சி.டி. ஸ்கேன் எழுதினார். திடீர்ச் சளிக்கு ஸ்கேன் தேவையே இல்லை, சாதாரண சளியிலும் ஸ்கேனில் மூட்டமாகத்தான் தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னார். முன்பெல்லாம் எடுத்த சைனஸ் எக்ஸ்ரே இப்போது அநேகமாகக் கைவிடப்பட்டுவிட்டது. அதில் பாதி தெரியாது. நாள்பட்டது, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால் சி.டி. பார்த்தே ஆக வேண்டும். ஒரு பக்க நோய்க்குக் காரணம் பூஞ்சை உருண்டையாக இருக்கலாம், அபூர்வமாகக் கட்டியாக இருக்கலாம், பல்லாகவும் இருக்கலாம்.

பல் என்றதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டர் அதே எவர்சில்வர் தகட்டின் கைப்பிடியால் அம்மாவின் மேல்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். வலது கடைவாயில் ஒரு பல்லைத் தட்டியபோது அம்மா "ஆ" என்றாள். அது கேப் போட்ட பல். எட்டு வருஷத்துக்கு முன்பு ரூட் கெனால் செய்தது. வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஸ்கேனில் காற்று கருப்பாகத் தெரியும். இடது கன்னத்து அறை நல்ல கருப்பு. வலது அறை முழுக்கச் சாம்பல். அதன் தரையில், அந்தப் பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து ஒரு கருவளையம். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்னத்து அறையின் தரைக்கு அவ்வளவு நெருக்கம். சிலருக்கு நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டும்தான். வேரில் வந்த சீழ் கீழே ஈறு பக்கம் இறங்காமல் மேலே அறைக்குள் புகுந்திருக்கிறது. பல்லில் வாழும் கிருமிகளில் பல காற்றில்லாமல் வளர்பவை. அவை உண்டாக்குகிற வாயுவுக்குத்தான் அழுகல் நாற்றம். அந்த நாற்றம் அம்மாவின் மூக்குக்குள்ளேயே இருந்ததால் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

கால்வாய் ஞாபகம் வந்து நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இந்த உறவு புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1651-ல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தக் கன்னத்து அறையை விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே அந்த அறையை வெகுகாலம் அழைத்தார்கள். பல்லைப் பிடுங்கிய இடத்தின் வழியாக அறையில் இருந்த சீழ் வடிந்த ஒரு பெண்மணியின் கதையையும் அவர் எழுதியிருக்கிறார். முந்நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் தெரிந்த விஷயம், எங்களுக்குத் தெரிய நாலு கோர்ஸ் மாத்திரை ஆயிற்று. ஒரு பக்கம் மட்டும் சளி, அதில் நாற்றம் என்றால் பல்லைப் பார் என்று யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தால் போதும்.

பல் டாக்டர் அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தார். வேர் பிளந்திருந்தது, எடுத்துவிட்டார். எடுத்த குழியைத் தையல் போட்டு மூடினார். அந்த இடத்தில் வாய்க்கும் சைனஸுக்கும் ஓட்டை விழுந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, பலூன் ஊதக் கூடாது என்றார். அம்மா "பலூனு நா எங்க ஊதப் போறேன்" என்றாலும் மற்றதை எல்லாம் அப்படியே செய்தாள். கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலின் கொடுத்தார்கள். காற்றில்லாமல் வளரும் கிருமிகளையும் அது பிடிக்கும். இதுவும் ஆன்டிபயாடிக்தான். ஆனால் இந்த முறை காரணத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள்.

ஆபரேஷன் வேண்டியிருக்குமா என்று அம்மாவுக்குக் கவலை. "சைனஸ் ஆபரேஷன் பண்ணா திரும்பத் திரும்ப வரும்" என்று ஊரில் ஒவ்வொருவரும் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அதற்கும் பதில் சொன்னார். பழைய காலத்தில் மேல் உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பை உடைத்து அறைக்குள் போவார்கள். சளி வடிய அடியில் ஓட்டை போடுவதும் உண்டு. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து மெசர்கிளிங்கர் என்பவர் எண்டோஸ்கோப்பால் சளி ஓடும் பாதையைக் கவனித்து, அடியில் எத்தனை ஓட்டை இருந்தாலும் அந்த மயிரிழைகள் இயற்கை வாசலுக்குத்தான் சளியைத் தள்ளும் என்று காட்டினார். 1980-களிலிருந்து ஆபரேஷனே மாறிவிட்டது. மூக்கு வழியாகவே போய், இயற்கை வாசலை அகலப்படுத்துவதோடு நிறுத்துகிறார்கள். வெளியே தழும்பு கிடையாது. ஆனால் ஒவ்வாமையால் சதை வளர்கிறவர்களுக்கு ஆபரேஷனால் அந்த ஒவ்வாமை போகாது. பிறகும் ஸ்ப்ரே, கழுவுதல் என்று தொடர்ந்தால்தான் பலன் நிற்கும். ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்று விட்டவர்களுக்குத்தான் திரும்ப வந்திருக்கும். அம்மாவுக்கு, பல்லை எடுத்துவிட்டு மூன்று மாதம் பார்க்கலாம், அறை தெளியவில்லை என்றால் யோசிக்கலாம் என்றார்.

அந்த மூன்று மாதமும் மூக்கு கழுவுவது என் பொறுப்பு. 240 மி.லி. தண்ணீரில் அரை டீஸ்பூன் அயோடின் கலக்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. வெறும் தண்ணீர் என்றால் மூக்கு எரியும். அளவாக உப்பு கலந்தால் எரிவதே இல்லை. வாஷ்பேசின் முன் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மேல் பக்க மூக்கில் பாட்டிலை அழுத்தினால் கீழ்ப்பக்கத்தால் கொட்டும். முதல் நாள் அம்மா திணறினாள். நாலாம் நாள், "உள்ள பூட்டுன வூட்ட தொறந்து கழுவுன மாரி கீது" என்றாள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சமரசமும் கூடாது. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்து ஆற வைத்ததுதான். மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளாவில் 2024-ல் செய்தி வந்ததே, அது மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் வராது, மூக்கில் ஏற்றினால் வரலாம். பாட்டிலையும் தினம் வெந்நீரில் அலசிக் கவிழ்த்துவிட வேண்டும். ஆவி பிடிப்பதை நான் தடுக்கவில்லை. அடைப்புக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், தொற்றைத் தீர்க்காது. கொதிக்கிற பானையைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

என் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பசை வாசனையும் தோல் தூசியும் உள்ள இடத்தில் வேலை. ஒரு சளிக்காக வாங்கிய அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை இரண்டு வருஷம் விடாமல் போட்டேன். தலையணைக்கு அடியில் ஒன்று, கைப்பையில் ஒன்று. போட்டால் அரை நிமிடத்தில் மூக்கு திறக்கும். நாலு மணி நேரத்தில் முன்பை விட மோசமாக அடைக்கும். மறுபடி சொட்டு. அம்மாவோடு போன அன்றைக்கே தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். "மூணு நாள், மிஞ்சிப் போனா அஞ்சு நாள், அதுக்கு மேல இந்த மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிச்சுடும்" என்றார். முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னார். மூச்சு விட இன்னொரு பக்கம் இருக்கும். அது தேறியதும் அடுத்தது. கூடவே ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் வாரம் இரண்டு பக்கமும் திறந்தே இருந்தது.

அந்த ஸ்ப்ரேயை அடிக்க நர்ஸ் சொல்லிக் கொடுத்த விதம் இது. தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ள வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போதுதான் முனை நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கும். நடுச்சுவரில் அடித்துக்கொண்டே இருந்தால் புண்ணாகி ரத்தம் வரும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், பூ முகர்கிற அளவு போதும். இது சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது, ஒன்றிரண்டு வாரம் விடாமல் அடிக்க வேண்டும். இரண்டாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போட்ட பலரை எனக்குத் தெரியும். மருந்தின் மேல் தப்பில்லை. எப்படி அடிப்பது என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

டிசம்பரில் மறுபடி வேலூர். அதே ஸ்டூல், அதே தகடு. இந்த முறை இரண்டு திட்டும் ஒரே அளவு. திரையில் அம்மாவே அந்த நடு மடிப்பைத் தேடினாள். அதன் அடியில் ஒன்றும் வழியவில்லை. "ஆபரேஷன் வேணாம்மா" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பழைய பஸ் நிலையத்தில் அம்மா இரண்டு முழம் மல்லி வாங்கினாள். ஒரு முழத்தைத் தலையில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை எனக்குக் கொடுப்பாள் என்று பார்த்தேன். வாழை இலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். குடியாத்தத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாள். பக்கத்து வீட்டுச் சித்தி வாசலில் உட்கார்ந்து முள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா எதிரே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் பூப் பொட்டலத்தை முறத்தில் வைத்துவிட்டு அம்மா சொன்னாள்:

"உன் கால்வா இல்லடி. எம் பல்லு."